வாய்மொழியும் அம்புக்குறியும்: திறந்த உலகக் கணினி விளையாட்டுகளில் வழி கூறும் மரபு

கணினி விளையாட்டுகளுள் பாத்திரமேற்று ஆடுவன என ஒரு வகை உண்டு. அவற்றுள்ளும், ஆடுநர் தாம் விரும்பிய திசையில் விரும்பிய போழ்தில் செல்லுமாறு, மலையும் காடும் ஊரும் ஒரே பரப்பாக விரிந்து கிடப்பனவற்றைத் திறந்த உலக விளையாட்டுகள் என வழங்குவர். இவற்றில் ஊர்தோறும் எதிர்ப்படும் மாந்தர் ஆடுநரிடம் ஏதேனும் ஒரு பணியை ஒப்படைப்பர். தொலைந்த பொருளை மீட்டுத் தருக என்பார் ஒருவர். குகையில் ஒளிந்துள்ள பகைவனை வென்று வருக என்பார் மற்றொருவர். பணியை ஏற்ற அளவிலேயே ஒரு வினா எழுகின்றது: அவ்விடத்திற்கு எவ்வழிச் செல்வது? இவ்வினாவிற்கு, விளையாட்டை ஆக்கியோர் கடந்த நாற்பது ஆண்டுகளில் எவ்வெவ்வாறு விடையிறுத்தனர் என்பதையும், விடை மாறியபோது விளையாட்டின் இயல்பு எங்ஙனம் மாறிற்று என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருளுக்கு இடம் ஏன் என வினவுவார் இருத்தல் கூடும். வழி கூறுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்துக்கொண்ட மொழி தமிழ். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும் மலைபடுகடாம், 583 அடிகளில், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழியின் இயல்பை விரித்துரைக்கின்றது. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி, யானையை ஓட்டக் காவலர் வீசும் கவண்கல், பாம்பு உறையும் இடம், வழியிடை ஊர்களில் கிடைக்கும் உணவு என, நடப்பான் ஒருவன் அறிந்திருக்க வேண்டியவை யாவும் அதன்கண் உள. கூறுவோன் அவ்வழியே சென்று மீண்டவன். கேட்போன் இனிச் செல்ல இருப்பவன். எனவே வழி கேட்டவன் வழியை மட்டும் அறிந்து செல்வதில்லை. நாட்டையும் அறிந்து செல்கின்றான். மேனாட்டு விளையாட்டுகள் ஆற்றுப்படையினின்று தோன்றின என யாம் கூற வரவில்லை. அவற்றை ஆக்கியோர் அப்பெயரைக் கேட்டிருக்கவும் வேண்டுவதில்லை. வாயால் வழி கூறுதல் யாது, குறியால் வழி காட்டுதல் யாது என்னும் வேற்றுமையை உணர, நம் இலக்கியம் ஓர் அளவுகோலாக உதவும் என்பதே கருத்து.

முதற்கண் 1985ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டவரான ரிச்சர்டு காரியட் வெளியிட்ட அல்டிமா நான்காம் பகுதியை நோக்குவோம். பெட்டியில் வைத்து விற்கப்பட்ட அவ்விளையாட்டில், வட்டுகளோடு துணியில் அச்சிட்ட நிலப்படம் ஒன்றும் இருந்தது. ஊர்ப்பெயர்கள் ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்தின் சாயலில் பொறிக்கப்பட்டிருந்தமையால், படத்தைப் படிப்பதற்கே ஆடுநர் எழுத்துக்கூட்டிப் பழக வேண்டியிருந்தது. ஊர் மாந்தரிடம் பெயர், தொழில் முதலான சொற்களைத் தட்டச்சிட்டு வினவ வேண்டும்; அவர்தம் விடையில் வரும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மேலும் வினவ வேண்டும். கடலோடிகள் கருவி கொண்டு தம் இருப்பிடத்தைக் கணிப்பதுபோல, ஆடுநரும் அத்தகைய கருவியைப் பெற்று, எழுத்து இணைகளால் தாம் நிற்கும் இடத்தை அறியலாம். ஓர் ஊரில் ஒருவர் கூறிய எழுத்துகளையும் கருவி காட்டும் எழுத்துகளையும் ஒப்பிட்டு, மறைந்த பொருளைத் தேடியெடுத்தல் வேண்டும். கேட்டவற்றை நினைவிற் கொள்ளும் பொறுப்பு விளையாட்டினுடையது அன்று, ஆடுநருடையது. மேசைமீது குறிப்பேடும் எழுதுகோலும் இன்றி அதனை ஆடி முடித்தல் அரிது.

அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனத்தார் 1996இல் வெளியிட்ட டாகர்ஃபால், அளவால் மிகப் பெரியது. அதன்கண் 15,000க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன என்பர். அவ்வளவு பெரும்பரப்பை மனிதர் கையால் வகுத்தல் இயலாதாகலின், பெரும்பகுதி கணிப்பு முறையால் ஆக்கப்பட்டது. கையால் வகுக்கப்படாத ஊருக்குக் கையால் எழுதிய வழிக்குறிப்பு எங்ஙனம் அமையும்? தெருவில் எதிர்ப்படுவோரை வினவினால், சில வேளை திசையை மட்டும் கூறுவர்; சில வேளை ஆடுநரின் நிலப்படத்தில் அவ்விடத்தைத் தாமே குறித்துத் தருவர். குறி இங்கே முதன்முதல் தலைகாட்டுகின்றது எனலாம். ஆயினும் அக்குறியை இட்டவர் ஓர் ஊர் மாந்தர். கேட்டபின்னரே இட்டார் என்பதை மறத்தலாகாது.

அதே நிறுவனத்தார் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட மாரோவிண்ட் என்னும் விளையாட்டைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். வாய்மொழி வழிகாட்டல் தன் உச்சத்தை எய்தியது அதன்கண்ணேதான் என்பது எம் கருத்து.

மாரோவிண்டின் களம் வார்டன்ஃபெல் என்னும் தீவு. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் கைதியாக வந்திறங்கும் ஆடுநரை விடுதலை செய்து, ஒரு பொதியையும் ஒரு தாளையும் கையிற் கொடுக்கின்றனர். அத்தாளில் உள்ளவை சில தொடர்களே: பால்மோரா என்னும் ஊருக்குச் செல்க, கையஸ் கோசடீஸ் என்பானைக் காண்க, அவன் இருப்பிடத்தை இன்ன விடுதியில் உள்ளாரைக் கேட்டு அறிக. திசைகாட்டியில் அம்பு இல்லை; நிலப்படத்தில் ஒளிரும் புள்ளியும் இல்லை. நெடுங்கால்களையுடைய பெரும்பூச்சி போன்ற விலங்கின்மேல் ஏறிச் செல்லலாம், நடந்தும் செல்லலாம். நடப்பார்க்குக் கவர்வழிதோறும் ஊர்ப்பெயர் எழுதிய மரக்கம்பங்கள் உண்டு. பால்மோரா சேர்ந்து விடுதியில் வினவிய பின்னரே, அவ்வூரின் ஒரு கோடியில் உள்ள சிறு வீடு தெரியவரும்.

பின்வரும் பணிகள் இன்னும் நுட்பமானவை. ஆர்க்ந்தாண்ட் என்னும் பாழடைந்த தொல்குடி மனையிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவருமாறு ஒருவர் பணிப்பார். எந்தக் கோட்டையைக் கடந்து, எந்தப் பழைய பாலத்தின்வழி, எரிமலைக் குழம்பு ஓடிய எந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும் என்பன சொற்களாலேயே உணர்த்தப்படும். இடத்தைக் கண்டபின்னும் கதவு எளிதிற் திறவாது. குழாயொன்றில் பொருத்திய சுழற்பிடியைத் தேடித் திருப்ப வேண்டும். சாம்பல் நிலத்தில் கூடாரமிட்டு வாழும் குடியினர், தம் மறைநூற் குகைக்கு வழியை விடுகதை வடிவிலேயே கூறுவர். அதன் சொற்களை நிலத்தோடு பொருத்திப் பொருள் கண்டாலன்றிக் குகையைக் காணுதல் இயலாது. கண்டாலும் அதன் வாயில் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே திறக்கும். உரையாசிரியர் ஒருவர் அருஞ்சொற்குப் பொருள் காணும் முயற்சிக்கும் இதற்கும் தொலைவு மிகுதி இல்லை.

இத்துணைச் சொற்கள் வேண்டியிருந்தமைக்கு ஒரு பருப்பொருட் காரணமும் உண்டு. அக்காலக் கணினிகளின் ஆற்றல் குறைவு. நெடுந்தொலைவிலுள்ள நிலத்தை வரைந்து காட்ட அவற்றால் இயலவில்லை. சிறிது தொலைவிற்கு அப்பால் யாவும் மூடுபனியில் மறைந்துவிடும். தொலைவிலுள்ள மலையைச் சுட்டி 'அதனை நோக்கி நட' என்று கூறினால், மலையே கண்ணிற்குத் தெரியாது. ஆகவே, இப்பாறை, அதன்பின் இப்பாலம், அதன் இடப்புறம் இவ்வோடை என அடுத்தடுத்த அடையாளங்களைக் கோத்துக் கூறுதல் இன்றியமையாதது ஆயிற்று. மேலும், அதன் உரையாடல் பெரும்பான்மையும் எழுத்து, குரல் சிறுபான்மை. எழுத்தில் ஒரு பத்தி கூட்டுவதற்குப் பெருஞ்செலவு இல்லை.

இம்முறையின் குற்றங்களை மறைத்தல் ஆராய்ச்சி நெறி அன்று. சில வழிக்குறிப்புகள் தெளிவற்றவை; சில பிழையானவையும் கூட. புதிர்ப்பெட்டி மனைக்குள் ஓர் அடுக்கில் கிடக்கும் சிறு பொருள். பலமுறை அதன் அருகே சென்றும் காணாது சலித்தோர் பலர். ஆடுநர் கேட்டவை யாவும் நாட்குறிப்பில் நாள்வரிசையில் பதியப்பட்டன. சில நூறு பக்கங்களின் பின் ஒரு வழிக்குறிப்பை மீண்டும் தேடுதல், பெயரகராதி இல்லாத பெருநூலில் ஒரு சொல்லைத் தேடுதல் போன்றது. அவ்வாண்டின் இறுதியில் வந்த டிரிபியூனல் என்னும் பின்னிணைப்பிலேதான் பணிவாரியாகப் பிரித்துக் காணும் வசதி தரப்பட்டது. கண்டறிந்த இடத்தின் இன்பமும் காணாது அலைந்த துன்பமும் ஒரே மரத்தின் இரு கிளைகளாக இருந்தன.

2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்நிறுவனத்தாரின் அடுத்த விளையாட்டாகிய ஒப்ளிவியன் வெளிவந்தது. திரையின் அடியில் ஒரு திசைகாட்டி. அதன்மேல் ஒரு குறி. ஆடுநர் எப்பணியை மேற்கொண்டிருப்பினும், அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தை, அன்றிக் காணவேண்டிய ஆளை, அக்குறி இடையறாது சுட்டிக்கொண்டிருக்கும். பெருநகரங்களுக்கோ, நிலப்படத்தில் பெயரைச் சுட்டிய அளவிலேயே தொடக்கம் முதல் சென்று சேரலாம். வழி கேட்டல் என்னும் செயலுக்கே வேலை இல்லாது போயிற்று.

இதில் ஒரு முரண் உண்டு. ஒப்ளிவியனில் மூடுபனி விலகிவிட்டது. தலைநகரின் வெண்கோபுரம் நாட்டின் பல பகுதிகளினின்றும் தெளிவாகத் தெரியும். கண்ணால் வழி காணுதல் இயலாதிருந்த காலத்தில் அம்பு இல்லை; இயன்ற காலத்தில் அம்பு வந்தது. அங்ஙனமாயின் அம்பு வந்தமைக்குக் காரணம் யாது?

ஆடுநரின் சோம்பல் எனக் கூறி அமைதல் எளிது. ஆனால் அது முழுவுண்மை அன்று. ஒப்ளிவியனில் மாந்தர் பேச்சு முழுவதும் நடிகர் குரலில் பதிவு செய்யப்பட்டது. குரலாகப் பதிந்த சொல்லை நீட்டினால் செலவு மிகும். பதிந்தபின் பாலத்தை இடம் மாற்றினால் சொல் பொய்க்கும். இஃது ஒன்று. மாரோவிண்டின் மாந்தர் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்றனர். ஒப்ளிவியனின் மாந்தர்க்கோ நாள்தோறும் நடைமுறை உண்டு. காலையில் கடை, உச்சியில் உணவு, இரவில் உறக்கம் என இடம் பெயர்வர். சிலர் வேற்றூருக்கும் செல்வர். நடமாடும் ஒருவனை 'இன்ன இடத்தில் காண்பாய்' எனச் சொல்லால் நிலைப்படுத்தல் இயலாது. குறியோ அவனைத் தொடர்ந்து செல்லும். மாந்தர்க்கு உயிர்ப்பு மிகுந்தமையே அவர்தம் வாய்ச்சொல் குன்றக் காரணமாயிற்று என்பது எண்ணத்தக்கது.

ஆடுநர் தரப்பையும் நோக்குவோம். 2004ஆம் ஆண்டு நவம்பரில் பிளிசார்டு நிறுவனத்தார் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், பல்லாயிரவர் ஒருங்கே ஆடும் விளையாட்டு. அதில் பணி தருவார் தலைமேல் மஞ்சள் நிற வியப்புக்குறி ஒன்று மிதக்கும். நிறுத்தக்குறிகளுள் ஒன்றற்கு இத்துணை உயர்வு கிடைத்தமை இலக்கணம் பயில்வார்க்கு மகிழ்ச்சி தரக்கூடும். பணியின் விவரமும் வழியும் எழுத்தாகவே தரப்பட்டன. ஆடுநரோ அவ்வெழுத்தைப் படித்து வழி காணுவதை விடுத்து, பிறர் தொகுத்த இடக்குறிப்புகளை நாடினர். இலக்கைச் சுட்டும் அம்பை வரையும் துணைநிரல்களை ஆர்வலர் தாமே எழுதிப் பரப்பினர். 2009ஆம் ஆண்டு திசம்பரில் நிறுவனத்தாரே, பணியிடங்களை நிலப்படத்தில் காட்டும் வசதியை விளையாட்டினுள் சேர்த்தனர். அம்பு ஆடுநர்மேல் திணிக்கப்பட்டது என்பாரின் கூற்று இதனால் வலியிழக்கின்றது. சொல் இருந்தபோதே அதனைக் கைவிட்டோர் பலர்.

இதன்பின் வந்த பெருக்கத்தை விரிக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் லயன்ஹெட் நிறுவனத்தார் 2008இல் வெளியிட்ட ஃபேபிள் இரண்டாம் பகுதியில், ஆடுநரின் காலடியிலிருந்தே பொன்னொளிக் கோடு ஒன்று இலக்குவரை நீண்டது. போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட விட்சர் மூன்றாம் பகுதியில், திரையின் மூலையிலுள்ள சிறு வட்டப்படத்தில் புள்ளிக்கோடு சாலையின் ஒவ்வொரு வளைவையும் காட்டிற்று. அதன் காடுகளும் அந்திவானமும் மிக அழகியவை. அவற்றை வரைந்த ஓவியர் குழுவினரை எண்ணும்போது எமக்கு இரக்கம் தோன்றுகின்றது. ஏனெனில் குதிரைமேல் விரையும் ஆடுநரின் கண் பெரிதும் அவ்வட்டத்தின்மேலேயே தங்கிவிடுகின்றது.

இனி எம் கருத்தின் நடுவிடத்திற்கு வருகின்றோம். அம்பை விரும்பாதார் அதனை நீக்கிக்கொள்ளலாமே என்பது அம்பை ஆதரிப்பார் வழக்கமாகக் கூறும் விடை. 2011ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஸ்கைரிம் விளையாட்டில் அவ்வாறு நீக்கிக்கொள்ள இடமும் உண்டு. நாட்குறிப்பில் ஒரு பணியின் தேர்வை விலக்கினால் குறி மறையும். மறைந்தபின் எஞ்சுவது யாது? பல பணிகளில், இன்ன பொருளை இன்ன பெயருடைய குகையிலிருந்து கொணர்க என்னும் ஒரு வரியே எஞ்சும். அக்குகை எந்த ஊருக்கு வடக்கு, எந்த ஆற்றின் கரை என்பதை ஒருவரும் கூறியிலர். கூறவும் இயலாது. ஏனெனில் அவ்விளையாட்டின் பணிகளுட் பல, ஆடுநர் கேட்கும் நேரத்தில் கணினியே ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து நிரப்புமாறு அமைந்தவை. இன்று ஒரு குகையைச் சுட்டும் அதே வாய், நாளை வேறொரு கோட்டையைச் சுட்டும். இடப்பெயரை மாற்றி வைக்கலாம். வழியை விரித்துரைக்கும் வாய்மொழியை அங்ஙனம் மாற்றி வைத்தல் எளிதன்று.

எனவே அம்பு, சொல்லுக்குத் துணையாக வந்து சேர்ந்த ஒன்று அன்று. சொல்லின் இடத்தைக் கைக்கொண்ட ஒன்று. ஆக்கியோர் அம்பு உண்டு என்னும் துணிவில் சொல்லை எழுதாது விட்டனர். எழுதப்படாத சொல்லை, பின்னர் அம்பை நீக்குவதால் மீட்டல் இயலாது. அவ்விளையாட்டின் ஆர்வலர் சிலர், நாட்குறிப்பு வரிகளில் திசையும் அடையாளமும் சேர்த்து எழுதிய திருத்தங்களை ஆக்கி வழங்கினர். ஏடு சிதைந்த நூலுக்கு விடுபட்ட அடிகளைப் பெய்து பதிப்பிக்க முனைவார் செயலை அஃது ஒருபுடை ஒக்கும். ஆனால் இங்கே சிதைவு காலத்தால் நேர்ந்ததன்று. தொடக்கத்திலேயே அடிகள் இல்லை.

இவ்விடத்தில் எம்மை மறுத்துரைக்க ஒரு வலிய காரணம் உண்டு. அதனை யாமே கூறுதல் கடன். மேற்சொன்ன விளையாட்டுகளுள் ஒன்றேனும் தமிழில் வெளிவந்ததில்லை. மாரோவிண்டின் வழிக்குறிப்பைப் பின்பற்ற நல்ல ஆங்கிலப் பயிற்சி வேண்டும். அதன் விடுகதையை அவிழ்க்க அதனினும் மிகுதியான பயிற்சி வேண்டும். ஆங்கிலம் நிரம்பாத தமிழ் இளைஞர்க்கு அத்தீவு அடைபட்ட நாடே. அம்புக்கு மொழி இல்லை. ஒப்ளிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் பின்னரே அத்தகையோர் பலர்க்கு அவ்வுலகங்களின் கதவு திறந்திருக்கும். நாள் முழுதும் உழைத்து இரவில் ஒரு மணி நேரம் ஆட அமர்வார்க்கும், வழிக்குறிப்பின் சிற்றெழுத்தைப் படிக்கக் கண்ணொளி போதாதார்க்கும் அம்பு செய்த உதவி சிறிதன்று. வாய்மொழியைப் போற்றுவோர், அவ்வாய்மொழி யாருடைய மொழி என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொல்லால் வழி கூறும் விளையாட்டொன்று தமிழில் அமையும் நாளில் இம்மறுப்பின் வலி குறையும். அதுவரை அம்பை எள்ளி நகைத்தல் எம்மால் இயலாது.

அண்மைக் காலத்தில் வேறு நெறிகளும் தோன்றியுள்ளன. 2018இல் கனடா நாட்டுக் கியூபெக்கில் ஆக்கப்பட்ட அசாசின்ஸ் கிரீட் ஒடிசி, பண்டைக் கிரேக்க நாட்டைக் களமாகக் கொண்டது. அதன் தொடக்கத்திலேயே இரு முறைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றில் குறி இலக்கைக் காட்டும். மற்றொன்றில், பணி தருவார் இன்ன நாட்டுப்பகுதி, இன்ன இடத்திற்கு அருகில், இன்ன திசை என்னும் செய்திகளை மட்டும் தருவர். ஆடுநர் அப்பகுதியை அடைந்து, கழுகின் கண்ணால் மேலிருந்து நோக்கி இலக்கைத் தெளிவர். அம்பை விலக்கியபின் சொல் எஞ்சுகின்றது. சொல்லை எழுதி வைத்தமையால்தான் எஞ்சுகின்றது என்பது மேற்கூறிய எம் கருத்திற்குச் சான்று.

சப்பான் நாட்டு ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தார் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட எல்டன் ரிங் வேறு வகையினது. தங்குமிடங்கள் பலவற்றிலிருந்து எழும் பொன்னிறக் கதிர் பொதுவான ஒரு திசையைச் சாய்ந்து காட்டும். தொலைவையோ வழியையோ காட்டாது. பணிகளைப் பதியும் நாட்குறிப்பு அதில் இல்லை. மாந்தர் கூறுவதைக் கேட்டு ஆடுநரே நினைவிற் கொள்ள வேண்டும். அல்டிமாவின் குறிப்பேடு மீண்டும் மேசைக்கு வந்தது எனலாம். இந்நெறி அனைவர்க்கும் உவப்பாக இருக்கவில்லை போலும். அடுத்த மாதமே வந்த திருத்தத்தில், ஆடுநர் எதிர்ப்பட்ட மாந்தரின் பெயரும் இடமும் நிலப்படத்தில் பதியுமாறு செய்தனர்.

கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனத்தார் 2017 மார்ச்சில் வெளியிட்ட செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்ட், நிலத்தையே வழிகாட்டியாக்க முயன்றது. முதன்மைப் பணிகளுக்கு அதிலும் குறி உண்டு. ஆயினும் 120 சிறு கோயில்களின் இருப்பிடத்தை நிலப்படம் முன்னரே காட்டாது. 15 கோபுரங்களுள் ஒன்றன் உச்சியில் ஏறித் தொலைவை நோக்கி, ஐயுற்ற இடத்தில் ஆடுநரே தம் கையால் குறியிட்டுக் கொள்வர். முக்கோண வடிவான குன்றுகளை நிலமெங்கும் பரப்பி, ஏறுவதா சுற்றிச் செல்வதா என ஆடுநரைத் தெரியச் செய்தும், பின்னுள்ளதைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தியும் வழிநடத்தினோம் என அதனை ஆக்கியோர் அவ்வாண்டிலேயே தம் உரையில் விளக்கினர்.

அவ்விளையாட்டில் தன் நினைவை இழந்த தலைவனிடம் பன்னிரண்டு ஒளிப்படங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் எடுத்தது. எங்கு என்பது எழுதப்படவில்லை. அவ்விடத்தில் சென்று நின்றாலன்றி அந்நினைவு மீளாது. மலையின் முகட்டையும் நீரின் வளைவையும் படத்தோடு ஒப்பிட்டுத் தேட வேண்டும். குதிரை லாயங்கள்தோறும் பிகாங்கோ என்னும் ஓவியன் ஒருவன் அலைந்து திரிகின்றான். வரைவதற்கேற்ற காட்சி தேடி நாடெங்கும் நடந்தவன் அவன். படத்தை அவனிடம் காட்டினால், சற்று நோக்கி, தான் முன்பு கண்ட நிலம் ஒன்றை நினைவுகூர்ந்து, இன்ன மலையின் பக்கத்தில் இன்னதைத் தேடிப் பார் என வாயால் கூறுகின்றான். நிலப்படத்தில் அவன் குறி எதுவும் இடுவதில்லை.